முதுமையில் வெளிநாடு: வைத்தியச் செலவு யார் கணக்கில்?

பிள்ளைகள் வெளிநாட்டில் நிலைபெற்றுவிட்ட வீடுகளில், பெற்றோர் ஓய்வுபெற்ற கையோடு ஒரு பேச்சு தொடங்கும். இங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், எங்களோடு வந்துவிடுங்கள் என்று பிள்ளைகள் அழைப்பார்கள். வீட்டைப் பூட்டி வைப்பதா வாடகைக்கு விடுவதா, பென்ஷனுக்கு வாழ்நாள் சான்றை எப்படிக் கொடுப்பது, குளிர் தாங்குமா, கோயில் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பேசப்படும். உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: 'அங்கே இல்லாத ஆஸ்பத்திரியா?' ஆஸ்பத்திரிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அறுபத்தைந்து வயதில், சர்க்கரையோடும் இதயத்தில் ஒரு ஸ்டென்ட்டோடும் விமானம் ஏறுகிறவருக்கு அந்தப் பதில் போதாது. அந்த ஆஸ்பத்திரிக்குள் அவர் எந்த விதியின்படி, எந்தத் தேதியிலிருந்து, யாருடைய பணத்தில் நுழையப்போகிறார் என்று தெரிந்தாக வேண்டும். ஒரு நாட்டில் தங்க அனுமதி கிடைப்பது வேறு, அந்த நாட்டின் மருத்துவ ஏற்பாட்டில் இடம் கிடைப்பது வேறு. முன்னது கைக்கு வந்தால் பின்னது தானாக வந்துவிடும் என்று நம்பிப் புறப்படும் குடும்பங்கள் மிகப் பெரிய கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடும். ஆகவே விசா விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே வைத்தியக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். போகலாமா, எப்போது போகலாம், எந்த விசாவில் போகலாம் என்ற மூன்றையும் அந்தக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு விதிகள் மாறுவதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். அடியில் ஓடும் கணக்கு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அமெரிக்காவின் மெடிகேர் சட்டம் 1965இல் கையெழுத்தானது. கனடா தன் மாகாணங்களின் பொது மருத்துவக் காப்பீட்டை 1984இல் ஒரே சட்டத்தின்கீழ் நெறிப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் மெடிகேர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உழைக்கிற வயதில் வரியாகவோ சந்தாவாகவோ கட்டி, தேவைப்படும் வயதில் எடுத்துக்கொள்வதுதான் இவற்றுக்கெல்லாம் அடிப்படை. மாதச் சீட்டில் கடைசி மாதம் வந்து சேர்ந்து முழுத் தொகையையும் கேட்கிறவரை மற்ற உறுப்பினர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, முதுமையில் வந்து இறங்கும் பெற்றோரை இந்த அரசுகளின் நிதித் துறைகள் அப்படித்தான் பார்க்கின்றன. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் குடியேற்றம் குறித்து 2016இல் வெளியிட்ட அறிக்கை இதை எண்ணிலேயே சொல்லிவிட்டது: பெற்றோர் விசாவில் வருகிற ஒருவரால், மருத்துவம், முதியோர் பராமரிப்பு, உதவித்தொகை எல்லாம் சேர்ந்து, அவர் ஆயுள் முடியும்வரை அரசுக்கு ஏற்படும் நிகரச் செலவு 3,35,000 முதல் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் வரை இருக்கும் என்பது அதன் மதிப்பீடு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எந்த நாட்டின் விதியைப் படித்தாலும் அதன் நோக்கம் புரிந்துவிடும். சில நாடுகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கும்; சில முன்பணம் கேட்கும்; சில தனியார் காப்பீட்டை வாங்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்; சில உடம்பைப் பரிசோதித்துவிட்டு வேண்டாம் என்றே சொல்லும்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் குழம்புவது அமெரிக்காவில்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு அந்த நாட்டு அரசின் எந்தக் காப்பீட்டிலும் இடமில்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, விசிட்டர் இன்ஷூரன்ஸ் என்று விற்கப்படும் பாலிசி. இதை இணையத்தில் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மலிவானதை எடுக்கிறார்கள். இந்தப் பாலிசிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு தொகையை நிர்ணயித்திருக்கும்: டாக்டரைப் பார்க்க இவ்வளவு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவு, ஐசியூவில் ஒரு நாளுக்கு இவ்வளவு. ஆஸ்பத்திரி அதற்கு மேல் எத்தனை மடங்கு கேட்டாலும் மிச்சம் நம் தலையில்தான். மேலே பெரிய எழுத்தில் ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருந்தாலும், கீழே உள்ள அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் இருக்கும் சிறிய வரம்புதான் நடைமுறையில் செல்லும். இன்னொரு ரகம், ஒரு குறிப்பிட்ட தொகையை நாம் கட்டிய பிறகு மீதிச் செலவின் பெரும்பகுதியை ஏற்கும். பிரீமியம் கூடுதல்தான், ஆனாலும் வயதானவர்களுக்கு இதைத்தவிர மற்றதை வாங்குவதில் பொருளில்லை.

இரண்டு ரகத்திலும் கவனமாகப் படிக்க வேண்டிய ஒரு பத்தி உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது என்று அது சொல்லும். அடுத்து, அந்த நோய் 'திடீரென்று தீவிரமடைந்தால்' மட்டும் ஒரு வரம்புவரை பொருந்தும் என்று சலுகை தரும். அந்தத் 'திடீர்' என்பதற்கு பாலிசி தரும் விளக்கம்தான் முக்கியம். முன்னறிகுறி ஏதும் இல்லாமல் வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், டாக்டர் ஏற்கெனவே பரிந்துரைத்த மாத்திரையை நிறுத்தியிருக்கக் கூடாது. நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது, காலைவரை பார்ப்போம் என்று ஓரிரு நாள் பொறுத்துக்கொள்வது நம் பெரியவர்களின் வழக்கம். பிள்ளைக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற அந்த நல்ல எண்ணமே கிளெய்மை நிராகரிக்கக் காரணமாகிவிடும். போதாக்குறைக்கு, பல பாலிசிகளில் எழுபது அல்லது எண்பது வயதைத் தாண்டினால் இந்தச் சலுகை குறைந்துவிடும் அல்லது மறைந்துவிடும். ஆகவே பாலிசி வாங்கும்போது கேட்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல. என் அப்பாவின் வயதுக்கு, அவருக்கு இருக்கும் நோய்க்கு, இந்தப் பத்தி என்ன தருகிறது என்பதை.

கிரீன் கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்லை குறைகிறது, தீருவதில்லை. மெடிகேர் 65 வயதானவர்களுக்கான திட்டம். ஆனால் அதன் ஆஸ்பத்திரிக் காப்பீட்டைப் பிரீமியம் இல்லாமல் பெற, தானோ கணவனோ மனைவியோ அங்கே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வேலை பார்த்து வரி கட்டியிருக்க வேண்டும். மகன் கட்டிய வரி அப்பாவின் கணக்கில் சேராது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், இங்கே முப்பது ஆண்டு வேலை பார்த்த கணக்கும் அங்கே செல்லாது. வேலை பார்க்காத பெற்றோர், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்த பிறகு, பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஆஸ்பத்திரிப் பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் கட்டணப் பகுதிக்கு 185 டாலர். தம்பதிக்கு மாதம் 1,406 டாலர். மருந்துக்கான பகுதி தனி. தகுதி வந்ததும் சேராமல் தள்ளிப்போட்டால் டாக்டர் கட்டணப் பகுதிக்கு ஒவ்வொரு பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கும் பத்து விழுக்காடு அபராதம் கூடும். பொதுவாக அது ஆயுள் முழுவதும் தொடரும். 'தொடர்ந்து ஐந்து ஆண்டுகள்' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்காலத்துக்கு ஊருக்கு வந்தவர்கள், வீட்டு வேலை, கல்யாணம் என்று எட்டு மாதம், பத்து மாதம் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகும், கிரீன் கார்டும்கூட.

அந்த ஐந்து ஆண்டுகளை எப்படிக் கடப்பது? ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்தில் புதிதாகக் கிரீன் கார்டு பெற்றவர்கள் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் சேர முடியாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் விலக்கு அளித்துவந்திருக்கின்றன. மற்ற இடங்களில் இருக்கும் வழி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டுச் சந்தை. ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பழைய நோயைக் காரணம் காட்டி அங்கே யாரையும் மறுக்க முடியாது. பைபாஸ் செய்துகொண்டவரும் வாங்கலாம். வந்திறங்கிய 60 நாளுக்குள் சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டு இறுதிச் சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மானியம் உண்டு. ஆனால் மிகக் குறைந்த வருமானம் உள்ள புதிய குடியேறிகளுக்கு இருந்துவந்த மானியத்தை 2025இல் நிறைவேறிய சட்டம் 2026 முதல் நீக்கிவிட்டது. நண்பர் ஒருவர் மூன்று வருடத்துக்கு முன்னால் தன் பெற்றோரை இப்படித்தான் சேர்த்தார் என்று கேள்விப்பட்டதை நம்பிக் கணக்குப் போட முடியாது என்பதற்கு இந்த மாற்றமே சான்று. புறப்படும் ஆண்டின் விதி எது என்று புறப்படும் ஆண்டில்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது, மகனுடைய ஆபீஸ் இன்ஷூரன்ஸில் எங்களைச் சேர்த்துவிடுவான் என்பது. இந்தியாவில் பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடிவதால் எழுந்த நம்பிக்கை இது. அமெரிக்க நிறுவனக் காப்பீடு பொதுவாக மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் என்ற அளவோடு நின்றுவிடும். பெற்றோரை ஏற்கும் நிறுவனங்கள் அபூர்வம். இரண்டாவது, அவசரம் என்றால் அங்கே யாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்பது. இதில் உண்மை இருக்கிறது. 1986இல் வந்த சட்டத்தின்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரை, பணம் இருக்கிறதா, விசா இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, உயிர் ஆபத்து நீங்கும்வரை கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அதை வணங்கத்தான் வேண்டும். ஆனால் அது சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறதே தவிர, பில் போடக் கூடாது என்று சொல்லவில்லை. நிலை சீரானதோடு அதன் கடமையும் முடிகிறது. பக்கவாதம் வந்தவரைப் பிழைக்க வைத்த பிறகு, மாதக்கணக்கான பிசியோதெரபிக்கும் மாத்திரைக்கும் அந்தச் சட்டத்தில் வழியில்லை.

கனடாவில் விதி தெளிவானது. 2011இல் தொடங்கிய சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரே மூச்சில் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். ஆனால் மாகாணக் காப்பீடு கிடைக்காது. குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கான தனியார் மருத்துவக் காப்பீட்டைக் காட்டினால்தான் விசாவே. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு மாகாணக் காப்பீடு உண்டு. ஒன்டாரியோவில் பழைய மூன்று மாதக் காத்திருப்பை 2020இல் எடுத்துவிட்டார்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அதற்கு மேல் இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த வசிப்புரிமைக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை நிற்கிறது. பொது மருத்துவத்துக்கு அளவுமீறிய சுமையாவார் என்று தோன்றினால் பெற்றோரின் விண்ணப்பத்தை நிராகரிக்க முடியும். கணவன் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இருக்கும் விலக்கு பெற்றோருக்கு இல்லை. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் பிள்ளைகள் இருபது ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும்.

பிரிட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பொதுவாக விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு என்எச்எஸ்ஸைப் பயன்படுத்தலாம். பார்வையாளராகப் போகும் பெற்றோருக்கு அந்த வழி இல்லை. குடும்ப டாக்டரைப் பார்ப்பதும் அவசர சிகிச்சைப் பிரிவும் அவர்களுக்கு இலவசம். வார்டில் சேர்த்துவிட்டால் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் வழியை 2012இல் மிகவும் குறுக்கிவிட்டார்கள். அன்றாடத் தேவைகளையே தானாகச் செய்துகொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும், அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது அல்லது கட்டுப்படியாகாது என்றும் நிரூபிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கு ஒருவருக்கு 43,000 டாலருக்கும் மேல் கட்ட வேண்டும். பணம் கட்டாத சாதாரணப் பெற்றோர் விசாவின் வரிசை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது என்று அந்நாட்டு உள்துறையே சொல்கிறது. மற்ற நிரந்தர விசாக்களுக்கு விண்ணப்பித்து உள்ளே காத்திருக்கும் பலருக்கு இடைக்காலத்தில் மெடிகேர் கிடைக்கிறது. பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அது கிடையாது. ஜெர்மனியில் 55 வயதைத் தாண்டி வந்து சேர்கிறவர் பொதுக் காப்பீட்டுக்குள் நுழைவது அநேகமாக முடியாது. சிங்கப்பூரில் மாதம் 12,000 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் வாங்கும் வேலை அனுமதிக்காரர் பெற்றோரை நீண்டகால அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், அரசு ஆஸ்பத்திரியிலும் இவர்களுக்கு மானியமில்லாத கட்டணம். துபாயில் பெற்றோரை ஸ்பான்சர் செய்கிற மகனோ மகளோ காப்பீட்டையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது கோபம் வருவது நியாயம். அந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் இருபது வருடம் உழைத்து வரி கட்டும் பிள்ளையைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்துக் கொடுத்தது இந்தப் பெற்றோர்தானே? அந்தப் படிப்புக்கான செலவை அந்த நாடு ஏற்கவில்லையே? நிதிக் கணக்கில் பெற்றோரைச் செலவாக எழுதுகிறவர்கள் பிள்ளையை வரவாக எழுதும்போது அவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சேர்ப்பதில்லை. பேரக்குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வதால் மருமகள் வேலைக்குப் போக முடிகிறது என்பதும் அந்தக் கணக்கில் முழுதாக வருவதில்லை. இந்த விதிகள் நியாயமற்றவை என்று வாதிட நல்ல காரணங்கள் இருக்கின்றன. அங்கே ஓட்டுரிமை பெற்றுவிட்ட பிள்ளைகள் அந்த வாதத்தை முன்வைக்கவும் வேண்டும். ஆனால் அது பல தேர்தல்களுக்கு நீளும் வேலை. அப்பாவின் இதயம் அதுவரை பொறுக்காது. விதி மாறும்வரை, இருக்கும் விதியை வைத்துத்தான் குடும்பம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காப்பில் முதல் வேலை இந்தியாவில்தான் இருக்கிறது. இங்கே உள்ள மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் காலாவதியாக விடக் கூடாது. அங்கேதான் இருக்கப்போகிறோம், இதற்கு எதற்குத் தண்டமாக ஐம்பதாயிரம் என்று நிறுத்திவிடுகிறவர்கள், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து புதிதாக வாங்கும்போது அதன் விலையை உணர்வார்கள். 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் நல்ல மாற்றங்கள் சிலவற்றைக் கொண்டுவந்தது: புதிய பாலிசி வாங்க 65 வயது என்ற உச்சவரம்பு போய்விட்டது, பழைய நோய்களுக்கான காத்திருப்பு நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்றாகக் குறைந்தது, ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி தவிர வேறு காரணம் காட்டி, நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்மைத் தட்டிவிட முடியாது. 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. இந்த நன்மைகளில் முக்கியமானவை தொடர்ச்சியைப் பொறுத்தவை. ஒருமுறை அறுந்துவிட்டால் எழுபத்திரண்டு வயதில், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மீண்டும் மூன்று வருடக் காத்திருப்பில் தொடங்க வேண்டும். அந்த வயதில் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியும் கிடையாது. கண்புரை, மூட்டு மாற்று, ஹெர்னியா போன்று தள்ளிப்போட முடிகிற அறுவைகளை ஊருக்கு வரும்போது செய்துகொள்ள இந்தப் பாலிசிதான் கைகொடுக்கும். கடுமையான நோய் வந்து, விசிட்டர் இன்ஷூரன்ஸ் வரம்பு தீர்ந்து, இனிச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிடுவதுதான் வழி என்றாகும்போதும் கைகொடுப்பது இதுதான். எழுபது வயதைக் கடந்தவர்களுக்காக 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது என்றாலும், அதுவும் இங்கே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் செல்லுபடியாவதுதான். நல்ல பாலிசிக்கு அதை மாற்றாக நினைக்க முடியாது.

மாத்திரைப் பெட்டியையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காப்பீடு சரியாக இருந்தும் இங்கே தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் சர்க்கரைக்காரர்கள் பலருக்கும் எழுதித் தரப்படும் வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், வோக்ளிபோஸ் ஆகிய மூன்றும் அமெரிக்காவில் அனுமதி பெறாதவை. வயிற்றுப் புண்ணுக்குப் பான்டபிரசோலோடு சேர்த்துத் தரும் டாம்பெரிடோன் அங்கே விற்பனைக்கே இல்லை. இதய வால்வு மாற்றியவர்கள் இங்கே ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் அசெனோகூமரால் அங்கே கிடையாது, வார்ஃபரினுக்கு மாற்றுவார்கள். அளவு வேறு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதுவரை ரத்தக்கசிவுக்கும் அடைப்புக்கும் இடையில் கவனமாக நடக்க வேண்டும். மூன்று மாத மாத்திரையைக் கொண்டுபோய் அது தீர்ந்ததும் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புவது இவர்களுக்கு ஆபத்து. புறப்படுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே, போகிற நாட்டில் கிடைக்கும் மருந்துக்கு இங்குள்ள டாக்டரிடமே மாற்றிக்கொண்டு, உடம்பு பழகியதைப் பார்த்த பிறகு கிளம்புவது நல்லது. மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மூலப்பெயரும் இருக்க வேண்டும். சர்க்கரை அளவை இங்கே 180 என்று படிக்கிறவர்கள் கனடாவிலும் பிரிட்டனிலும் அதே அளவைப் பத்து என்று படிப்பார்கள். குளுக்கோமீட்டரை மாற்றும்போது இது தெரியாமல் போனால், அந்தப் பத்து சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டதுபோல் தோன்றி, அதிக அளவு கவனிக்கப்படாமலே போய்விடும்.

எதிர்த் திசையில் பயணிக்கிறவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. வாழ்நாள் முழுக்க அமெரிக்காவில் உழைத்து மெடிகேர் பெற்றவர் ஓய்வுக்காலத்தைத் தஞ்சாவூரில் கழிக்க வந்தால், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, மெடிகேர் இங்கே ஒரு பைசாகூடத் தராது. டொராண்டோவில் குடியேறிய ஈழத்தமிழர்களில் முதுமையில் யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் தங்க விரும்புகிறவர்கள், ஒன்டாரியோ காப்பீடு தொடர எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருந்தாக வேண்டும் என்ற விதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கனடாவில் தொடங்கிய புற்றுநோய் மருந்து அங்கே இருக்குமா என்பது வேறு கேள்வி.

இவ்வளவு சிக்கல் என்றால் பேசாமல் ஊரிலேயே இருந்துவிடுவதுதானே என்று ஒருவர் கேட்கலாம். பலருக்கு அதுதான் சரியான முடிவு என்று நானும் நினைக்கிறேன். கனடாவிலும் பிரிட்டனிலும் மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் வரிசை உண்டு. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முதலில் குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டும். மதுரையில் பணமோ பாலிசியோ இருப்பவர் காலையில் இதய நிபுணரைப் பார்த்து மாலையில் எக்கோ ரிப்போர்ட்டோடு வீடு திரும்பலாம். ஆனால் பாலிசி கையெழுத்துப் போட்டுத் தருமே தவிர, இரவு பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் கூட ஏறாது. துணையை இழந்து தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு, குளியலறையில் விழுந்தால் தூக்கிவிட ஒரு மகள் பக்கத்து அறையில் இருப்பதைவிடப் பெரிய காப்பு இல்லை. அப்படிப்பட்டவர்கள் போகத்தான் வேண்டும். போவதென்றால் எழுபத்தைந்தில் அல்ல, உடம்பு தெம்பாக இருக்கும் அறுபதுகளிலேயே நிரந்தர வசிப்புரிமைக்கான கடிகாரத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஐந்து வருடக் காத்திருப்பு ஆரோக்கியமான ஆண்டுகளில் கழிந்துவிடும். வசிப்புரிமை வேண்டாம் என்று நினைப்பவர்கள், குறுகிய பயணங்களாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் முழுப் பரிசோதனை செய்துகொண்டு போய்வருவது மேல். மூன்று மாதத்துக்குள் ஸ்டென்ட் வைத்தவரையும், காரணம் தெரியாத மூச்சுத்திணறல் இருப்பவரையும், டிக்கெட் வாங்கிவிட்டோமே என்பதற்காக ஏற்றி அனுப்பக் கூடாது.

கணக்கில் கடைசியாக வருவது, யாரும் பேச விரும்பாதது. மறதி நோயோ பக்கவாதமோ வந்து ஆண்டுக்கணக்கில் ஒருவர் கூடவே இருந்து குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால் என்ன? இந்த நீண்டகாலப் பராமரிப்பை அமெரிக்க மெடிகேர் ஏற்பதில்லை; ஐந்து ஆண்டு காத்திருந்து, மாதம் 700 டாலர் கட்டியவருக்கும் இதே பதில்தான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுவதும் யார் இருப்பார்கள்? அப்போது ஊருக்குத் திரும்புவதா, திரும்பினால் யார் வீட்டில், எந்த ஆஸ்பத்திரியின் பக்கத்தில், அழைத்துவரும் செலவு யாருடையது என்பதைப் பெற்றோரின் நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிட வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டுப் பிறகு சொல்வது கூடாது; உடம்பு அவர்களுடையது. தன்னால் பேச முடியாமல் போனால் தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும், வென்டிலேட்டரில் எவ்வளவு காலம் என்பதை எழுதி வைக்கும் உரிமையை இந்திய உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரியின் சான்று போதும். அமெரிக்காவில் இதற்கு மாநிலத்துக்கு ஒரு படிவம் இருக்கிறது, செலவில்லாமல் கிடைக்கிறது. ஒரு நாட்டுத் தாளை மற்றொரு நாட்டு ஆஸ்பத்திரி ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால், இரண்டு ஊரிலும் மாறி மாறி வாழப்போகிறவர்கள் இரண்டிலும் கையெழுத்திட்டு, ஒவ்வொரு பிரதியை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்துவைக்க வேண்டும்.